பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை: யார், எப்போது, எப்படித் தயாராவது? முழுமையான வழிகாட்டி

எண்டோஸ்கோபி பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக வேலை செய்கிறேன். குடல் சுத்தமாகாமல் வந்து, இன்னொரு நாள் வரச்சொல்லித் திருப்பி அனுப்பப்படுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதைவிட வருத்தம் தருவது, வருடக்கணக்கில் மூலத்துக்கு மருந்து சாப்பிட்டுவிட்டுக் கடைசியில் எங்களிடம் வருகிறவர்கள். இரண்டு பேருமே ஏதோ ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள். அதனால் எதை முதலில் செய்ய வேண்டும், ஏன் என்பதை வரிசையாக எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் புற்றுநோய் பெரும்பாலும் குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. எல்லாப் பாலிப்பும் புற்றாக மாறுவதில்லை. மாறுகிறவையும் பொதுவாக 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளியில் பாலிப்பை எடுத்துவிட்டால் அதிலிருந்து புற்று வரும் வழியே அடைபட்டுவிடும். நோயைக் கண்டுபிடிப்பதோடு வராமல் தடுக்கவும் உதவுகிற பரிசோதனை இது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

## 1. நீங்கள் எந்த வகை என்று முதலில் பாருங்கள்

டெஸ்ட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். மூன்று வகை உண்டு.

முதல் வகை, அறிகுறி உள்ளவர்கள். மலத்தில் ரத்தம், சில வாரங்களாக மாறியே இருக்கும் மலப்பழக்கம், போய்விட்டு வந்தபிறகும் முழுதாகப் போகாத உணர்வு, காரணம் தெரியாத எடைக்குறைவு, ரத்தசோகை. இவர்களுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. 32 வயதிலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை, அறிகுறி இல்லை, ஆனால் குடும்பத்தில் யாருக்கோ இருந்தது. அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற குடல் அழற்சி நோய் பல வருடங்களாக இருக்கிறது.

மூன்றாவது வகை, இரண்டும் இல்லாதவர்கள். 'ஸ்கிரீனிங்' என்ற சொல் இவர்களுக்குத்தான் சரியாகப் பொருந்தும்.

முதல் வகையில் இருப்பவர் மூன்றாவது வகைக்கான மலப் பரிசோதனையைச் செய்துகொண்டு, 'நெகட்டிவ், அப்பாடா' என்று வீட்டுக்குப் போவதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. அறிகுறி இருக்கும்போது அந்த நெகட்டிவை நீங்களாக நம்பி உட்காரக் கூடாது. புற்று தினமும் ரத்தம் கசியவிடுவதில்லை. நேரடியாக மருத்துவரிடம் போங்கள்.

## 2. ரத்தம் தெரிந்தால் 'மூலம்' என்று நீங்களே பெயர் வைக்காதீர்கள்

நம் ஊர்ச் சுவர்களில் 'மூலம், பவுத்திரம், ஆபரேஷன் இல்லாமல்' என்று எழுதாத பேருந்து நிலையம் அரிது. ரத்தத்தைப் பார்த்ததும் மனம் அங்கேதான் போகிறது. வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கினால் யாரிடமும் எதையும் காட்ட வேண்டியதில்லையே.

மூலம் என்பது பொய்யில்லை, நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆனால் மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்தில் இருக்கலாம். மலக்குடலில் வரும் கட்டியிலிருந்தும் சிவப்பு ரத்தம்தான் வரும். நிறத்தை வைத்து யாரும் உறுதி சொல்ல முடியாது.

மருத்துவர் கையுறை போட்டு ஆசனவாய்க்குள் விரல் விட்டுப் பார்ப்பார். ஒரு நிமிடம்கூட ஆகாது. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் பல கட்டிகள் அந்த விரலுக்கே தட்டுப்படும். தொட்டுக்கூடப் பார்க்காமல் மூல மாத்திரை எழுதிக் கொடுத்தால், 'ஒருமுறை பரிசோதித்துப் பாருங்கள் டாக்டர்' என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

ரத்தசோகையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடலின் வலது பக்கத்தில் வரும் கட்டி கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் விடுவது குறைவு. கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஹீமோகுளோபினை இறக்கிவிடும். ஆண்களுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்களுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே ஆக வேண்டும். 'வயசாச்சு, சரியா சாப்பிடறதில்ல' என்று இரும்பு மாத்திரையோடு நிறுத்திவிடாதீர்கள்.

## 3. குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் என்று கேட்டு எழுதுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் இது. அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் ஆகியோரில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா? கண்டுபிடித்தபோது என்ன வயது? இறந்த வயது வேண்டாம், கண்டுபிடித்த வயதுதான் கணக்கு.

ஏனென்றால், அமெரிக்க வழிகாட்டுதல்களின்படி, நெருங்கிய உறவில் ஒருவருக்கு வந்திருந்தால் 40 வயதில் தொடங்க வேண்டும். அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதிலிருந்து 10 ஆண்டு முன்பாக. இரண்டில் எது முதலில் வருகிறதோ அது. அப்பாவுக்கு 46 வயதில் வந்திருந்தால் மகனுக்கும் மகளுக்கும் 36. அவர்களுக்குப் பெரும்பாலும் கொலனோஸ்கோபிதான் சொல்வார்கள், அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது.

'வயித்துல கட்டி' என்று மட்டும் சொல்லிப் பழகிய குடும்பங்களில் இந்தத் தகவலை எடுப்பது சிரமம். பெரியம்மாவிடமோ சித்தப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள். பழைய ஃபைல் எங்கேயாவது பரணில் இருக்கும். ஒரே குடும்பத்தில் மூன்று நான்கு பேருக்குக் குடல், கருப்பை உள்சுவர்ப் புற்று என்று வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். லின்ச் சிண்ட்ரோம் என்ற பரம்பரைக் காரணம் இருக்கலாம். அவர்களுக்குப் பரிசோதனை 20 முதல் 25 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடும்.

## 4. உங்கள் கையில் இருப்பவை

சுருக்கமாகவே சொல்கிறேன். புகை, மது இரண்டும் ஆபத்தைக் கூட்டுகின்றன. இடுப்பைச் சுற்றிய எடையும், நாள் முழுதும் உட்கார்ந்தே இருப்பதும் அப்படித்தான். சாசேஜ், சலாமி, பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2015இல் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் சேர்த்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் குடல் புற்று வரும் வாய்ப்பு சுமார் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. ஆடு, மாடு போன்ற சிவப்பு இறைச்சி 'அநேகமாக உண்டாக்கும்' என்ற பிரிவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டனை விடச் சொல்லவில்லை, அது தினசரிப் பழக்கமாக வேண்டாம் என்கிறேன்.

பருப்பு, பயறு, கீரை, காய், முழுத்தானியம் நல்லவை. ஆனால் 'நான் சுத்த சைவம், எனக்கு எதுக்கு டெஸ்ட்?' என்று கேட்பவர்களுக்குப் பதில் ஒன்றுதான். வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. சைவம் மட்டுமே சாப்பிட்டவர்களுக்கும் கட்டி இருந்ததை எங்கள் திரையில் பார்த்திருக்கிறேன்.

## 5. எந்த டெஸ்ட், எந்த வயதில்?

இந்தியாவில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுகளுக்கு அரசுப் பரிசோதனைத் திட்டம் இருக்கிறது. குடலுக்கு அப்படி இல்லை. யாரும் உங்களைக் கூப்பிட மாட்டார்கள், நீங்களேதான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கு 50 ஆக இருந்த தொடக்க வயதை 2021இல் 45 ஆக்கினார்கள். நம் ஊரில் எந்த வயதில் தொடங்கலாம் என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். 50ஐத் தாண்டியவர்கள் அந்தப் பேச்சைத் தள்ளிப்போட வேண்டாம்.

நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் மலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபிட் என்ற பரிசோதனை, வருடத்துக்கு ஒருமுறை. இன்னொன்று கொலனோஸ்கோபி. அதில் எதுவும் இல்லையென்றால், சாதாரண ஆபத்து உள்ளவர்களுக்கு அடுத்தது 10 ஆண்டு கழித்துத்தான். ஃபிட் எளிது, ஆனால் ஒவ்வொரு வருடமும் செய்தால்தான் பலன். ஒரு வருடம் செய்து விட்டுவிட்டால் அதற்கு அர்த்தமில்லை.

லேப் கவுண்டரில் 'ஸ்டூல் ஆக்கல்ட் பிளட்' (மலத்தில் மறைந்த ரத்தம்) என்றால் எந்த முறை என்று கேளுங்கள். பழைய ரசாயன முறை இறைச்சி ரத்தத்துக்கும் பாசிட்டிவ் காட்டும், வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டால் நெகட்டிவ் காட்டும். ஃபிட் மனித ஹீமோகுளோபினை மட்டும் பிடிக்கும். அதனால் சாப்பாட்டுப் பத்தியம் தேவையில்லை.

'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் சி.இ.ஏ. என்ற ரத்த டெஸ்ட் இருக்கும். அது நார்மல் என்றால் குடல் நார்மல் என்று அர்த்தமில்லை. நோய் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சையைத் தொடர்ந்து கவனிக்க அது உதவும், ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க உதவாது. வயிற்று ஸ்கேனும் அப்படித்தான். சிறு பாலிப் அதில் தெரியாது.

## 6. மல மாதிரி எடுக்கும் முறை

மூலத்தில் ரத்தம் வரும் நாட்களிலும் மாதவிடாய் நாட்களிலும் எடுக்காதீர்கள். அந்த ரத்தமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

மலம் தண்ணீரிலோ சிறுநீரிலோ படக்கூடாது. இந்தியன் டாய்லெட் என்றால் பழைய செய்தித்தாளை நான்காக மடித்துப் போட்டு அதன்மேல் போகலாம். வெஸ்டர்ன் என்றால் பிளாஸ்டிக் தாளை இருக்கைக்குக் குறுக்கே கட்டலாம். முதலில் சிறுநீரைக் கழித்துவிட்டு உட்காருங்கள்.

லேபில் தரும் மாதிரிக் குழாயோடு வரும் குச்சியால் ஒரே இடத்தில் தோண்டாமல் மேற்பரப்பில் நான்கைந்து இடத்தில் கீறுங்கள். ரத்தம் எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. குச்சியின் வரிப்பள்ளம் நிறைந்தால் போதும். 'கொஞ்சமா இருக்கே' என்று குழாயை நிரப்பினால் அளவு கெட்டுவிடும்.

எடுத்த தேதியை எழுதுங்கள். அப்புறம், வெயில். நம் ஊர்ச் சூட்டில் ஹீமோகுளோபின் சிதைந்து பொய் நெகட்டிவ் வரும். பைக் பெட்டியில் போட்டு மத்தியானம் வரை சுற்றாதீர்கள். காலையில் எடுத்து அன்றே கொடுப்பது நல்லது.

பாசிட்டிவ் வந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலானவர்களுக்குப் புற்று இருப்பதில்லை. ஆனால் 'இன்னொரு தடவை பார்க்கலாம்' என்று ஃபிட்டையே திரும்பச் செய்யக் கூடாது. இரண்டாவது நெகட்டிவ் முதலாவது பாசிட்டிவை அழிக்காது. அடுத்தது கொலனோஸ்கோபிதான், மாதக்கணக்கில் தள்ளாமல்.

## 7. கொலனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்: மாத்திரைப் பட்டியல்

எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள். 'பிரஷர் மாத்திரை மட்டும்தாம்மா' என்று சொன்ன ஒரு அய்யாவின் சட்டைப்பையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை இருந்தது. அவர் அதை 'இதய வைட்டமின்' என்று நினைத்திருந்தார்.

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவரும் குடல் மருத்துவரும் சேர்ந்துதான் சொல்ல வேண்டும். வார்ஃபரின், குளோபிடோக்ரெல், அபிக்ஸபான் எல்லாம் இதில் சேரும். ஸ்டென்ட் வைத்தவர்கள் தாங்களாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே வந்தால் பெரிய பாலிப்பை அன்று எடுக்க முடியாமல் போகலாம்.

இரும்பு மாத்திரையை 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

சர்க்கரை உள்ளவர்கள் அன்றைய மாத்திரை, இன்சுலின் அளவை எழுதி வாங்குங்கள். சாப்பிடாத நாளில் வழக்கமான அளவைப் போட்டால் சுகர் தாழ்ந்துவிடும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும், தனியாகக் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயப் பலவீனமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள். குடலைச் சுத்தமாக்கக் குடிக்கும் பேதி மருந்தின் வகையே மாறும்.

## 8. சாப்பாடு: சத்தானதுதான் அன்றைக்குக் கெடுதல்

இங்கேதான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். 'டெஸ்ட்டுக்குப் போறோம், நல்லதா சாப்பிடுவோம்' என்று கீரையும் மாதுளையும் சாப்பிட்டு வருகிறார்கள். நார்ச்சத்து பேதி மருந்துக்கும் கரையாது. கொய்யா விதையும் தக்காளி விதையும் கருவியின் உறிஞ்சும் துளையில் போய் அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்து செய்து பாதி நேரம் போய்விடும். கீரை இலை ஒட்டியிருந்தால் அதன் அடியில் தட்டையான பாலிப் இருந்தாலும் தெரியாது.

முந்தைய நாள் நார்ச்சத்துக் குறைந்த சாப்பாடு. சில மருத்துவமனைகளில் 2, 3 நாள் சொல்வார்கள், மலச்சிக்கல் உள்ளவர்களுக்கு அது தேவைதான். வெள்ளைச் சாதம், இட்லி, தயிர், வெள்ளை ரொட்டி, முட்டை, வேகவைத்த மீன் சரி. கீரை, காய்கறிப் பொரியல், பழம், கேழ்வரகு, கம்பு, சுண்டல், தேங்காய்ச் சட்னி, எள்ளு, வேர்க்கடலை வேண்டாம். இட்லிக்குச் சீனியோ தயிரோ தொட்டுக்கொள்ளுங்கள்.

மருந்து குடிக்கத் தொடங்கியபின் தெளிந்த நீராகாரம் மட்டும். டம்ளரில் ஊற்றிப் பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும், அதுதான் அளவுகோல். வழுக்கை இல்லாத இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் இல்லாத டீ, வடிகட்டிய தெளிந்த ரசம் ஆகும். பாலும் மோரும் கஞ்சியும் ஆகாது. ரோஸ் சர்பத், திராட்சைச் சாறு போன்ற சிவப்பு, ஊதா நிறமும் வேண்டாம். உள்ளே பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும்.

## 9. மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடியுங்கள்

பெரும்பாலும் தருவது பெக்லெக் போன்ற பாலிஎத்திலீன் கிளைகால் பொடி. இது உடம்பில் சேராமல் குடலைக் கழுவிக்கொண்டு வெளியே போகும். பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரையுங்கள். 2 லிட்டர் என்றால் 2 லிட்டர்தான். 'ரொம்ப இருக்கு' என்று தண்ணீரைக் குறைத்தால் மருந்து வேலை செய்யாது.

முழுவதையும் முந்தைய மாலையே குடித்துவிட்டுத் தூங்கினால், இரவில் சிறுகுடலிலிருந்து இறங்கும் பித்தநீர் வலது பக்கக் குடலில் பிசின்போலப் படியும். அதனால் பாதி முந்தைய மாலை, மீதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணி நேரம் முன் தொடங்க வேண்டும். குறைந்தது 2 மணி நேரம் முன் முடித்துவிட வேண்டும். அதன்பின் ஒரு சொட்டும் வேண்டாம், மயக்கம் கொடுக்கும்போது புரையேறும். உங்கள் மருத்துவமனை இதைவிட அதிக நேரம் சொன்னால் அதையே கேளுங்கள். காலை 9 மணிக்கு நேரம் கொடுத்தால் விடிகாலை 4 மணிக்கு எழ வேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனால் செய்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் குளிரவைத்தால் குடிப்பது எளிது. 15 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்தி, கொஞ்சம் நடந்து, மறுபடி தொடங்குங்கள். எலுமிச்சையை முகர்ந்துகொள்ளலாம். வயதானவர்கள் இரவில் கழிப்பறைக்கு ஓடி விழுவதைப் பார்த்திருக்கிறேன். விளக்கை எரியவிடுங்கள், வழியில் எதையும் வைக்காதீர்கள், யாராவது பக்கத்தில் படுங்கள். ஆசனவாயில் முன்கூட்டியே வாசலின் தடவினால் எரிச்சல் குறையும்.

எத்தனை தடவை போனீர்கள் என்பது கணக்கில்லை. 'பத்து தடவை போயிட்டேன் சிஸ்டர்' என்பார்கள், உள்ளே சேறாக இருக்கும். கடைசியில் போவது சிறுநீர்போலத் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பாகவோ துகளாகவோ இருந்தால் கிளம்புவதற்கு முன் போன் செய்து சொல்லுங்கள். கூடுதல் மருந்து தரவோ நேரத்தை மாற்றவோ முடியும்.

## 10. அன்றைய நாள்

கூட ஒருவர் வேண்டும். மயக்க மருந்துக்குப் பிறகு அன்று முழுவதும் வண்டி ஓட்டக்கூடாது, முக்கியமான காகிதத்தில் கையெழுத்துப் போடக்கூடாது. நகை, பல் செட்டைக் கழற்றி அவரிடம் கொடுங்கள்.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைப்போம். பின்பக்கம் திறந்த உடுப்புதான், அந்த இடம் மட்டும் தெரியும்படி மூடியிருப்போம். பெண்கள், பெண் செவிலியர் கூடவே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதன்பின் வயிறு உப்பி இருக்கும், வாயுவை அடக்காமல் விடுங்கள்.

குடலில் ஓட்டை விழுவது மிக அரிது, ஆனால் நடக்கக்கூடியது. குறையாத கடும் வயிற்றுவலி, காய்ச்சல், கட்டியாக ரத்தம் இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். பாலிப் எடுத்தவர்களுக்கு 2 வாரம் வரைகூட ரத்தம் வரலாம். அதற்குள் தொலைதூரப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

## 11. ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியவை

'நார்மல்' என்ற ஒரு வார்த்தையோடு திருப்தி அடையாதீர்கள். கருவி போய்ச் சேர வேண்டிய கடைசி இடமான சீகம் (பெருங்குடல் தொடங்கும் முனை) வரை போனார்களா? படம் இருக்கிறதா? குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது? குடலை மூன்று பகுதியாகப் பிரித்து, பாஸ்டன் ஸ்கோர் என்று 9க்கு மதிப்பெண் போடுவார்கள். மூன்று பகுதியிலும் தலா 2க்குக் குறையாமல் இருக்க வேண்டும். சுத்தம் போதாமல் 'நார்மல்' என்று வந்திருந்தால், 10 ஆண்டு காத்திருக்கும் கணக்கு உங்களுக்கு இல்லை. சீக்கிரமே திரும்பச் செய்ய வேண்டும்.

பாலிப் எடுத்திருந்தால், அதை நுண்ணோக்கியில் பார்த்து எழுதும் பயாப்ஸி ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். அதை வாங்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அடுத்த தேதி அதை வைத்துத்தான். ஒரு சென்டிமீட்டருக்குக் குறைந்த சாதாரண அடினோமா (புற்றாக மாறக்கூடிய பாலிப் வகை) ஒன்றிரண்டு என்றால் 7 முதல் 10 ஆண்டு. ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அல்லது செல்கள் அதிகம் மாறியிருந்தால், 3 ஆண்டு. 'பாலிப்பைத்தான் எடுத்தாச்சே' என்று அத்தோடு மறந்துவிடக் கூடாது, இன்னொன்று வளரலாம்.

இரண்டு ரிப்போர்ட்டையும் செல்போனில் படம் எடுத்து வைத்து, அடுத்த கொலனோஸ்கோபி எந்த மாதம், எந்த வருடம் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். பெரிய பாலிப்போ புற்றோ இருந்திருந்தால் அன்று மாலையே உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் போன் செய்து, உங்களுக்குக் கண்டுபிடித்த வயதைச் சொல்லுங்கள். மூன்றாவது படியில் சொன்ன கணக்கை அவர்கள் அந்த வயதிலிருந்துதான் போட வேண்டும்.